கொட்டகையில் தொடங்கி விமானப் பாதையில் முடிந்த வானொலி: கீட்டோ எச்.சி.ஜே.பி.

ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவிலிருந்து கிழக்கே மலை இறங்கினால் பிஃபோ என்ற சிற்றூர் வரும். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கிருந்த எச்.சி.ஜே.பி. என்ற கிறிஸ்தவ வானொலியின் சிற்றலை (ஷார்ட்வேவ்) ஒலிபரப்பிகள் நிறுத்தப்பட்டன. காரணம் பணத் தட்டுப்பாடு அல்ல, அரசுத் தடையும் அல்ல. கீட்டோவுக்குப் புதிய விமான நிலையம் தபபேலாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. விமானங்கள் இறங்கும் வழியில் இந்த வானொலியின் ஆன்டெனா கோபுரங்கள் வானத்தை மறித்து நின்றன. கோபுரங்கள் இறங்கின, விமானங்கள் வந்தன. எச்.சி.ஜே.பி. என்ற பெயரைச் சிற்றலையில் கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஒரு துக்கச் செய்தி.

உலகின் முதல் மிஷனரி வானொலி என்று சொல்லப்படுவது இதுதான். ஒரு சுவிசேஷ நிலையத்தின் கதை என்றால் என்னென்ன பிரசங்கம், எத்தனை பேர் மனம் திரும்பினார்கள், எந்த மொழியில் எத்தனை மணி நேரம் என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். இந்த நிலையத்தை அப்படிப் பார்த்தால் பாதிக் கதை கைநழுவிப் போகும். இதன் போக்கைத் தீர்மானித்தது ஒலிவாங்கிக்கு முன்னால் பேசப்பட்டதைவிட, ஆன்டெனா நின்ற தரை என்பது என் கணிப்பு. தரையும், அதற்கு மேலே இருந்த மெல்லிய காற்றும்.

வேண்டாம் என்று சொல்லப்பட்ட இடம்

கிளாரன்ஸ் ஜோன்ஸ் 1900-இல் பிறந்தவர். இரட்சணிய சேனைக் குடும்பம், அதனால் சிறு வயதிலேயே பித்தளை வாத்தியங்கள் பழக்கம். டிராம்போன் அவருடைய கருவி. சிகாகோவில் ‘மூடி’ வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு, பால் ரேடர் என்ற பிரசங்கியாரோடு சேர்ந்தார். 1922 ஜூனில் சிகாகோ நகர மன்றக் கட்டடத்தின் மாடியில் இருந்த வானொலியில் ரேடர் பேச, இளைஞர்களின் பித்தளை வாத்தியக் குழு வாசித்தது. அதில் ஜோன்ஸும் ஒருவர். ஒரு கூடாரத்துக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள், இதில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கு அன்றைக்கே அவர் மனதில் விழுந்திருக்க வேண்டும். ரேடரின் வானொலிப் பணிகளைப் பல ஆண்டுகள் நடத்தியதில் நிகழ்ச்சி தயாரிப்பின் நெளிவுசுளிவெல்லாம் கைவந்தது.

1928-இல் அவர் லத்தீன் அமெரிக்காவுக்கு இடம் தேடிக் கிளம்பினார். வெனிசுவேலா, கொலம்பியா, பனாமா, கியூபா என்று ஒவ்வொரு நாடாகக் கேட்டுப் பார்த்தார். எங்கும் அனுமதி இல்லை. கத்தோலிக்க நாடுகளில் புராட்டஸ்டன்ட் வானொலிக்கு அனுமதி கேட்டால் வேறென்ன பதில் வரும்? வெறுங்கையோடு திரும்பினார். கடற்படையில் சேர்ந்துவிடலாம் என்று போனதாகவும், கண்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொல்வார்கள்.

ஈக்வடார் அவர் பட்டியலிலேயே இல்லை. ரூபன் லார்சன் என்ற மிஷனரி அந்த நாட்டின் கிழக்குக் காட்டுப் பகுதியில் ஊழியம் செய்துகொண்டிருந்தார். அவரும் உடன் ஊழியர்களும் சிகாகோவில் ஜோன்ஸைச் சந்தித்து, எங்கள் நாட்டில் முயன்று பார்க்கலாமே என்றார்கள். ஈக்வடாரும் கத்தோலிக்க நாடுதான். ஆனால் 1895-இல் எலோய் அல்ஃபாரோ தலைமையில் நடந்த தாராளவாதப் புரட்சிக்குப் பிறகு திருச்சபையின் பிடி அரசிலிருந்து தளர்ந்திருந்தது. அந்த இடைவெளியில்தான் இவர்களால் நுழைய முடிந்தது. 1930 ஆகஸ்டில் அரசு 25 ஆண்டு அனுமதி கொடுத்தது. கல்வி, பண்பாட்டு நிகழ்ச்சிகளும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது. பின்னாளில் இந்த நிலையம் பாட்டு, செய்தி, கல்வி என்று பலசரக்குக் கடையாக விரிந்ததற்கு இங்கேயே விதை இருக்கிறது.

அனுமதி கிடைத்தது சரி. ஆனால் வானொலி நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் வேண்டாம், மலைகளுக்கு நடுவில் வேண்டவே வேண்டாம் என்பது அன்றைய பொறியியல் அறிவுரை. கீட்டோவோ இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் ஊர். பூமத்திய ரேகைக்குச் சற்றே தெற்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் எரிமலைகள். ஊட்டியைவிட 600 மீட்டர் உயரம் என்றால் நமக்குச் சட்டென்று பிடிபடும்.

அறிவுரை பாதி தவறாகப் போனது. சிற்றலை மேலே போய், காற்றின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது. துருவப் பகுதிகளுக்கு அருகில் துருவ ஒளி தோன்றும் நாட்களில் அந்த மண்டலம் குழம்பி அலைகளை விழுங்கிவிடும். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நிலையத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. வடக்கே அமெரிக்கா, தெற்கே அர்ஜென்டினா என்று இரண்டு பக்கமும் வீசவும் வாகான இடம். இதையெல்லாம் ஜோன்ஸ் ஆராய்ந்து முடிவெடுக்கவில்லை. அனுமதி கிடைத்த ஒரே இடம் இது, அவ்வளவுதான். நல்ல முடிவுகளில் பல இப்படித்தான் அமைகின்றன; பிற்பாடு அதைத் தொலைநோக்கு என்று எழுதிவிடுகிறோம்.

1931 மார்ச்சில் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் நடந்துகொண்டிருந்த நேரம். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று முதல் ஒலிபரப்பு. ஒலிபரப்பி ஆடுகள் அடையும் கொட்டகையில் இருந்தது. நிலையம் என்பது ஜோன்ஸின் வீட்டு வரவேற்பறை. ஜோன்ஸ் டிராம்போன் வாசிக்க, லார்சன் ஸ்பானிய மொழியில் பிரசங்கம் செய்தார். ஒலிபரப்பியின் சக்தி 250 வாட்டுக்குள். நம் வீட்டு மிக்ஸி இதைவிட அதிக மின்சாரம் இழுக்கும். நாட்டில் இருந்த வானொலிப் பெட்டிகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. கேட்க ஆளில்லாத ஊரில் கடை திறந்ததற்குச் சமம்.

எச்.சி. என்பது ஈக்வடாருக்கு உலக அளவில் ஒதுக்கப்பட்ட முன்னெழுத்து. மீதி இரண்டு எழுத்தை இவர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஸ்பானிய மொழியில் ‘இன்று இயேசு கிறிஸ்து ஆசீர்வதிக்கிறார்’ என்ற வாசகத்தின் முதலெழுத்துகளாகவும் அது அமைந்தது, ஆங்கிலத்திலும் அதே எழுத்துகளுக்கு ஒரு வாசகம் பொருந்தியது. ஊர் மக்களுக்கு அது ‘ஆண்டீஸின் குரல்’.

உருகி விழுந்த அலுமினியம்

இனி வருவதுதான் இந்த ஆய்வின் மையம். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1940 ஈஸ்டர் நாளில் 10,000 வாட் ஒலிபரப்பி இயங்கத் தொடங்கியது. நாட்டின் அதிபரே வந்து தொடங்கி வைத்தார். அதைக் கட்டியவர் கிளாரன்ஸ் மூர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த பொறியாளர், ஹாம் ரேடியோக்காரர், அதாவது பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்து அலைகளில் பேசுபவர். கதையில் இரண்டு கிளாரன்ஸ்கள். இனி இவரை மூர் என்றே சொல்கிறேன். கையில் இருந்த சக்தியை ஒரே திசையில் குவித்து வீச, பல குழாய்கள் கொண்ட திசை ஆன்டெனா ஒன்றை அவர் நிறுவினார். பழைய வீட்டு மாடிகளில் தூர்தர்ஷனுக்காக நின்றதே மீன்முள் ஆன்டெனா, அந்த வகைதான்; பல மடங்கு பெரியது.

சில நாளிலேயே விபரீதம் தெரிந்தது. குழாய்களின் நுனியிலிருந்து நெருப்பு கிளம்பியது. பேச்சும் பாட்டும் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் காற்றில் நீலச் சுடர் நீண்டு, சீறிக்கொண்டு, படபடவென்று வெடித்தது. தடித்த அலுமினியக் குழாய்கள் பழுத்து, உருகி, துண்டு துண்டாகக் கீழே விழுந்தன. சுவிசேஷம் சொல்ல வைத்த ஆன்டெனா தன்னையே தகனம் செய்துகொண்டிருந்தது.

ஏன் இப்படி? ஆன்டெனாக் குழாயில் மின்னலை நுனி வரை ஓடுகிறது. நுனிக்கு அப்பால் போக வழியில்லை. ஏரியில் அலை கரையில் முட்டினால் தண்ணீர் மேலே எழும்புகிறதல்லவா, அதுபோல மின்னோட்டம் நின்றுபோகும் நுனியில் மின்னழுத்தம் எகிறும். சமவெளியில் என்றால் சுற்றியுள்ள அடர்ந்த காற்று அதைத் தாங்கிக்கொள்ளும். கீட்டோவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. மெல்லிய காற்றை மின்சாரம் சுலபமாகக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் எழும் ஒளிதான் கொரோனா. அந்தச் சொல்லுக்கு நம் காலத்தில் வேறு அர்த்தம் வந்துவிட்டது, அது வேறு கதை.

ஆக, பொறியாளர்களின் எச்சரிக்கையில் மீதிப் பாதி சரியாகத்தான் இருந்தது. மலை வேண்டாம் என்றதற்கு அவர்கள் வேறு காரணம் சொன்னார்கள், மலை வேறு காரணத்தைக் காட்டியது.

மூர் நுனிகளில் உருண்டைகள் மாட்டிப் பார்த்தார். கூர்மை குறைந்தால் கொரோனாவும் குறையும் என்பது பாடப்புத்தகச் சரக்கு. போதவில்லை. 1942 கோடையில் குடும்பத்தோடு பொசோர்கா என்ற மீனவக் கிராமத்துக்கு விடுமுறைக்குப் போனார். போகும்போது பெட்டியில் மூட்டையாய்ப் பொறியியல் புத்தகங்கள். கடற்கரையில் மூங்கில் குடிலின் தரையில் அத்தனையையும் பரப்பி வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்து யோசித்தார். இந்த விடுமுறையைப் பற்றி அவர் வீட்டார் என்ன நினைத்தார்கள் என்பதையும் யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

அங்கே பிறந்த யோசனை எளிமையானது. பிரச்சினை நுனியில் இருக்கிறது. அப்படியென்றால் நுனியே இல்லாத ஆன்டெனாவைச் செய்தால் என்ன? மடித்த கம்பி ஆன்டெனா ஒன்றை நடுவில் பிடித்து அகலமாக இழுத்துத் திறந்தால் சதுரம் வரும். நம் சிக்குக் கோலத்தில் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் வளைய வருமே, அதுபோலக் கம்பியும் சுற்றி வந்து தன்னோடே சேர்ந்துகொள்ளும். அலையின் நீளம் முழுவதும் அந்தச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும், எனவே ஒரு பக்கம் கால் அலை நீளம். 25 மீட்டர் அலை என்றால் பக்கத்துக்கு ஆறு மீட்டருக்குச் சற்று அதிகம். சதுரத்திலும் அழுத்தம் கூடும் இடங்கள் உண்டு. ஆனால் அவை முனை இல்லாத தொடர்கம்பியில் வருகின்றன. அழுத்தமும் முன்னளவுக்கு ஏறுவதில்லை. பின்னால் இன்னொரு சதுரத்தை நிறுத்தினால் அது கண்ணாடிபோல அலையை முன்பக்கம் தள்ளும். இரண்டு சதுரமும் சேர்ந்து பார்ப்பதற்குக் கனசதுரக் கூடுபோல நிற்கும். கீட்டோ திரும்பியதும் கட்டி ஏற்றினார்கள். சுடரும் இல்லை, சீறலும் இல்லை.

இதற்கு மூர் வாங்கிய காப்புரிமை 1951-இல் கிடைத்தது. அதற்குள் கியூபிக்கல் குவாட் என்ற பெயரில் ஹாம்கள் உலகம் முழுக்க அதைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். மூங்கில் கழியும் செப்புக் கம்பியும் இருந்தால் வீட்டிலேயே கட்டிவிடலாம் என்பது அதன் பெரிய கவர்ச்சி. குவாட் உசத்தியா, மீன்முள் உசத்தியா என்று ஹாம்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் மழையிலும் பனியிலும் குவாட் அமைதியாக இருக்கும் என்று அதன் பக்தர்கள் சொல்வதற்கும், கீட்டோவில் அது பிறந்த காரணத்துக்கும் தொடர்பு உண்டு.

மூர் கதை அதோடு நிற்கவில்லை. இண்டியானாவின் எல்க்ஹார்ட் நகருக்குத் திரும்பி, வீட்டுக் கோழிக் கொட்டகையைத் தொழிற்கூடமாக மாற்றி 1947-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். மிஷனரிகளுக்கு உறுதியான டேப் ரிக்கார்டர் செய்து கொடுப்பது முதல் வேலை. அதுதான் பின்னாளில் கிரௌன். மேடைக் கச்சேரி, ஒலிபெருக்கி வேலை செய்பவர்களுக்கு அந்த ஆம்ப்ளிஃபயர் பெயரைச் சொன்னாலே போதும். ஆட்டுக் கொட்டகையில் தொடங்கிய வானொலிக்குக் கோழிக் கொட்டகையில் தொடங்கிய பொறியாளர். சினிமாவில் வைத்தால் செயற்கை என்பார்கள்.

மலையைச் சம்பாதித்த காலம்

அடுத்த நாற்பது ஆண்டுகளை வேகமாகவே கடக்கலாம். வளர்ச்சியின் கதை எங்கும் ஒரே மாதிரிதான். 1941-இல் ரஷ்ய மொழி ஒலிபரப்பு தொடங்கியது. பனிப்போர்க் காலம் முழுக்க அதற்குத் தனி முக்கியத்துவம் இருந்தது. மண்ணின் மக்களின் கெச்சுவா மொழியில் நிகழ்ச்சிகள் தொடர்ந்து வந்தன. 1953-இல் ஒலிபரப்பிகள் நகரத்தை விட்டு பிஃபோவுக்கு நகர்ந்தன. 1955-இல் கீட்டோவில் வோஸாண்டெஸ் மருத்துவமனை திறந்தது. அந்தப் பெயரே ஸ்பானிய மொழியில் ‘ஆண்டீஸின் குரல்’ என்பதன் சுருக்கம்தான். சிற்றலைப் பெட்டியே பார்க்காத கீட்டோவாசிக்கும் இந்த மருத்துவமனை தெரிந்திருக்கும்.

1956 ஜனவரியை மட்டும் தாண்டிப் போக முடியாது. அமேசான் காட்டில் வவோரானி மக்களைச் சந்திக்கப் போன ஐந்து அமெரிக்க மிஷனரிகள் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தியை உலகுக்கு எடுத்துச் சென்றதில் எச்.சி.ஜே.பி.க்குப் பெரிய பங்கு. பின்னாளில் நிலையத்தின் தலைவரான ஏப் வான் டெர் பாய் அந்த நாட்களில் செய்தியாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் நடுவில் நின்றார். ஐவரும் சுவிசேஷ உலகில் தியாகிகள் ஆனார்கள். ஆனால் அன்று உலகம் கேட்டது ஒரு பக்கக் கதை. தங்கள் காட்டுக்கு மேல் விமானம் வட்டமிடுவதை வவோரானிகள் எப்படிப் பார்த்தார்கள் என்று அவர்களிடம் கேட்க ஒலிவாங்கி இல்லை. வானொலி என்றால் யார் கையில் ஒலிவாங்கி என்ற கேள்வியும்தான். ஒரு சுவிசேஷ நிலையத்தை ஆய்வு செய்யும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மலை வஞ்சித்தது போலவே கொடுக்கவும் செய்தது. சக்தி வாய்ந்த ஒலிபரப்பிகளுக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். நிலையத்தார் பாப்பயக்தா பகுதியில் மலையிலிருந்து விழும் தண்ணீரைக் கொண்டு சொந்தமாக நீர்மின் நிலையம் கட்டிக்கொண்டார்கள். சமவெளியில் நிலையம் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. 1981-இல் 500 கிலோவாட் ஒலிபரப்பி வந்தது, அதையும் தங்கள் பொறியாளர்களைக் கொண்டே உருவாக்கினார்கள். முதல் நாள் ஒலிபரப்பியைப் போல இரண்டாயிரம் மடங்கு. முழுமூச்சில் ஓடும்போது அது இழுத்த மின்சாரம் ஏறக்குறைய ஒரு மெகாவாட்.

சிற்றலை ரசிகர்களுக்கு இது பொற்காலம். தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் வானொலி வேட்டைக்காரர்களுக்கென்றே கிளேட்டன் ஹவர்ட் நடத்திய நிகழ்ச்சியை மதம் பற்றிய அக்கறை இல்லாதவர்களும் தவறாமல் கேட்டார்கள். எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதி அனுப்பினால் பதிலுக்கு கேட்டதை உறுதி செய்து, ஆண்டீஸ் மலைப்படம் போட்ட க்யூஎஸ்எல் அட்டை தபாலில் வரும். நம்மூரிலும் அதைப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. பிரசங்கத்துக்காகப் போட்ட வலையில் அட்டை சேகரிப்பவர்களும் விழுந்தார்கள் என்று யாராவது கேலி செய்யலாம். கடிதம் போட்டவர்களுக்கெல்லாம் சளைக்காமல் பதில் எழுதியதை நான் மதிக்கிறேன்.

ஜோன்ஸ் 1986-இல் காலமானார். கொட்டகையிலிருந்து 500 கிலோவாட் வரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

கோபுரம் இறங்கிய கணக்கு

பழைய கீட்டோ விமான நிலையம் நகரத்தின் வயிற்றுக்குள் இருந்தது. சுற்றிலும் வீடுகள், மலைகள், விபத்துகள். ஊருக்கு வெளியே சமதளமாக ஓர் இடம் தேட வேண்டிய கட்டாயம். ஆண்டீஸில் சமதளம் அரிது. ஐம்பதுகளில் ஆன்டெனாக்காரர்கள் பிஃபோ பக்கம் இறங்கி வந்ததும் நிலத்துக்காகத்தான், அரை நூற்றாண்டு கழித்து விமானக்காரர்கள் அக்கம்பக்கத்தில் வந்து இறங்கியதும் நிலத்துக்காகத்தான்.

விமான நிலையம்தான் நிலையத்தைக் கொன்றது என்று சொல்பவர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. பனிப்போர் முடிந்ததும் சிற்றலை கேட்பவர்கள் வேகமாகக் குறைந்தார்கள். பண்பலையும் செயற்கைக்கோளும் இணையமும் வந்துவிட்டன. நிர்வாகமும் அதைப் புரிந்துகொண்டு, தூரத்திலிருந்து ஒரு பெரிய குரலாகப் பேசுவதைவிட, ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்க்காரர்களே நடத்தும் சின்னப் பண்பலை நிலையங்களுக்குக் கருவியும் பயிற்சியும் கொடுப்பது என்று தொண்ணூறுகளிலேயே திசை மாறத் தொடங்கியது. பிஃபோவுக்கு மாற்றாக ஆண்டீஸில் வேறொரு மலையைத் தேடிப் பெரிய கோபுரங்களை மறுபடி நடாததற்குக் காரணம் இதுதான். பெரிய நிலையம் அதற்கு முன்பே உள்ளுக்குள் இளைத்துப் போயிருந்தது. விமான நிலையம் தேதியைக் குறித்துக் கொடுத்தது.

இன்னொரு கிளை ஆஸ்திரேலியாவில் முளைத்தது. 2003 ஜனவரியில் வடமேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனரா என்ற ஊரிலிருந்து இந்தக் குடும்பத்தின் ஆஸ்திரேலியப் பிரிவு ஆசியாவை நோக்கிச் சிற்றலை வீசத் தொடங்கியது. இந்தியாவும் அதன் இலக்கில் இருந்தது. தமிழ் நேயர்களுக்குச் சுவிசேஷ வானொலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது சேஷல்ஸ் தீவிலிருந்து வந்த ஃபெபா. 1970 முதல் 2003 வரை அது சிற்றலையில் இயங்கியது. அதன் ஆன்டெனாக்கள் கடலுக்குள் பவளப்பாறைத் திட்டின் மேல் நின்றன. உப்புத் தண்ணீர் அலையை அருமையாகப் பிரதிபலிக்கும் என்பதுதான் காரணம். ஒரு கூட்டம் மலையுச்சிக்குப் போனது, இன்னொரு கூட்டம் கடலுக்குள் இறங்கியது.

தாய் நிறுவனம் 2014-இல் ரீச் பியாண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 83 ஆண்டுப் பெயரை அப்படிக் கழற்றி வைத்தது எனக்கு உவப்பாக இல்லை, ஆனால் அது அவர்கள் விருப்பம்.

அந்த எழுத்துகள் கீட்டோவில் அழிந்துவிடவில்லை. மத்திய அலையிலும் பண்பலையிலும் உள்ளூர் நிலையமாக எச்.சி.ஜே.பி. தொடர்ந்தது. பிஃபோ மௌனமான பிறகு பிச்சிஞ்சா மலையிலிருந்து 6050 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிறிய சிற்றலை ஒலிபரப்பி ஸ்பானிய மொழியிலும் பழங்குடி மொழிகளிலும் பேசியது. அது ஈக்வடார் மலை மக்களுக்கான குரல், வெளிநாட்டாரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆனாலும் சில இரவுகளில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள், இரைச்சலுக்கு அடியில் மெலிதாகப் பாட்டுக் கேட்கிறது என்று நேரத்தோடு குறித்து வைத்தார்கள்.